கிறுகி வந்த கடிதங்களை வாசித்தவர்

எங்கள் கொம்பனியின் மெயில் மிசினைப் பார்த்துக்கொண்டவர் எதையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய கடதாசி, கலியாணக் கார்டின் பின்பக்கத்தில் உள்ள அச்சகத்தின் பெயர், கூனி இறால் சுற்றி வந்த பழைய பத்திரிகை, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஒருமுறை எங்கள் பக்கிங் பிரிவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி என்று மருந்து வாங்கி வந்தோம். அதனோடு வந்த கடதாசியை முழுக்க வாசித்து முடிக்கும்வரை அவர் மருந்தைக் கொடுக்க விடவில்லை. வாசித்து முடித்தபோது வலி போயிருந்தது. இது என் நாட்குறிப்பில் இருக்கிறது. பதினேழு நிமிடம்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லைதான். ஆனால் இது அவர் கையில் கிடைத்தால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார் என்பதால் கவனமாக இருக்கிறேன்.

கல்முனையில் எங்கள் கொம்பனி சிவப்பரிசி இடித்து, வறுத்து, இடியப்ப மா பக்கற் போட்டு கொழும்புக்கும் கட்டாருக்கும் அனுப்புகிறது. நான் கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பு. மற்றக் கொம்பனிகள் எல்லாம் மின்னஞ்சலை வெளியிடத்தில் வாடகைக்கு வைத்திருந்த காலத்தில் எங்கள் முதலாளி மட்டும் சொந்தமாக ஒரு மிசின் வாங்கினார். "என்ட கடிதம் என்ட கட்டிடத்துக்குள்ளதான் இருக்கணும்" என்பது அவருடைய கட்டளை. மிசினை மா மூடை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்தோம். மாத்தூள் படாமல் இருக்க ஒரு பழைய சாரனையும் போர்த்தினோம். மிசினைப் பார்க்க வந்தவர் முதல்நாள் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். உடனே வெளியே வந்தார். அவர் கையில் சாரன் இருந்தது.

"மிஸ், இதுக்கு மூச்சு முட்டுது. ஆர் போர்த்தின?"

"முதலாளி."

"குளிருதெண்டு சொன்னதாமா?"

அவருக்கு ஊர் பெரியநீலாவணை. வீட்டில் எல்லாரும் கடல் தொழில், அவர் மட்டும் கம்பியூட்டர். செவ்வாயும் வெள்ளியும் மோட்டார் சைக்கிளில் வருவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம், தொழுகை இல்லாத அவருக்கு மிகவும் வசதி. கடிதம் எழுதுகிற ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். அலுவலகத்தில் நானும் அவரும் மிசினும் மட்டும் இருப்போம். மிசின் இரைகிற சத்தம் தெளிவாகக் கேட்கும்.

"வாசிச்சீங்களா மிஸ்?" என்பது அவருடைய முதல் கேள்வி. "கடைசி வரி வரைக்கும்?" என்பது இரண்டாவது.

ஏனென்றால் நாங்கள் எல்லாரும் "கடிதம் போகல்ல, கடிதம் போகல்ல" என்று ஓடி வருகிறவர்கள். போய்ச் சேராமல் திரும்பி வந்த மின்னஞ்சலுக்கு அவர் "கிறுகி வந்த கடிதம்" என்று பெயர் வைத்திருந்தார். கிறுகுகிற கடிதம் சும்மா வராது, ஏன் கிறுகினேன் என்று எழுதிக்கொண்டுதான் வரும் என்பார். "ஆரும் வாசிக்கிறல்ல. இங்கிலீசில நாலு வரி கண்டதும் மூடிப்போட்டு என்னைக் கூப்பிடுற. காரணம் அஞ்சாவது வரியில குந்தியிருக்கும்." அவர் வேலைக்கு வந்த முதல் மாதம் ஏழு முறைப்பாடுகள் இருந்தன. ஐந்து விலாசப் பிழை. மற்ற இரண்டும் என்னுடையவை. அவையும் விலாசப் பிழை.

உள்ளே வருகிற கடிதங்களுக்கு வேறு ஒழுங்கு. ஒவ்வொரு கடிதத்துக்கும் மிசின் புள்ளி போடும். எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் ஒரு புள்ளி, ஆச்சரியக்குறி கூடினால் ஒரு புள்ளி, தலைப்பு இல்லாவிட்டால் ஒரு புள்ளி, முன்பின் தெரியாத விலாசமென்றால் இன்னும் கொஞ்சம். ஐந்தைத் தாண்டினால் குப்பைப் பெட்டிக்குள் போய்விடும். குப்பைப் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவர் மட்டும் பார்த்தார். வெறுமனே பார்க்கவில்லை, வாசித்தார். மாத்திரை விற்கிறவர்கள், பரிசு விழுந்ததாக எழுதுகிறவர்கள், ஆபிரிக்க இளவரசர்கள், எல்லாரையும் ஒரே மரியாதையோடு வாசித்தார். "வாசிக்காம எறிஞ்சா மிசினுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை முகத்தைச் சுளித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், இந்த மனிசி மூணாந்தரமும் புருசன் செத்துப்போனார் எண்டு எழுதியிருக்கா."

"எந்த மனிசி?"

"சொத்த நமக்குத் தரப்போற மனிசி. மூணு தரமும் வேற வேற நோய் வருத்தத்தில செத்திருக்கார்."

அவரோடு முதலாளிக்கு நெடுநாள் வழக்கு ஒன்று இருந்தது. சம்மாந்துறையில் முதலாளியின் சினேகிதர் ஒருவர் நெல் வியாபாரம் செய்கிறார். எந்தக் கடிதமானாலும் தலைப்பில் "அவசரம்" என்று மூன்று தரம் போட்டு எட்டு ஆச்சரியக்குறி வைப்பார். நலம் விசாரித்து எழுதினாலும் அப்படித்தான். அவருடைய கடிதங்கள் குப்பையில் விழுந்துகொண்டே இருந்தன. மிசினில் ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் போட்டால், அந்த ஆள் எதை எழுதினாலும் புள்ளி பார்க்காமல் உள்ளே விடும். சினேகிதரை அந்தப் பட்டியலில் போடச் சொல்லி முதலாளி நாலு முறை கேட்டார். நாலு முறையும் அவர் மறுத்தார்.

"அவர் என்ட உசிர்ச் சினேகிதன் தம்பி."

"ஓம் முதலாளி. நாளைக்கு அவர்ட கம்பியூட்டரில ஒரு கள்ளன் பூந்து எழுதினா, அதையும் உசிர்ச் சினேகிதன் எண்டு உள்ள விடும். வாசிக்காம ஆரையும் வெளிய தள்ளவும் மாட்டன், வாசிக்காம ஆரையும் உள்ள விடவும் மாட்டன்."

"நீ மிசினுக்கு வேலைக்காரனா, எனக்கு வேலைக்காரனா?"

"ரெண்டு பேருக்கும்தான். மிசின் ஏசிறல்ல."

அந்தப் பட்டியல் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. இப்போது அவர் கலியாணம் முடித்து வினாயகபுரத்தில் இருக்கிறார். எங்கள் மின்னஞ்சலும் வாடகைக்குப் போய்விட்டது. மிசின் மா அறையின் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இப்போது மூச்சு முட்டாது.

முதலாளி ஹஜ்ஜுக்குப் போன வருடத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி மாப்புக் கேட்பார். முதலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பயணம். ஊருக்குள் நடந்தே கேட்டு முடித்துவிட்டார். முந்திய திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், வெளியூர்ச் சனத்துக்கும் கேட்கணும். மிசினுக்குள்ள இருக்கிற எல்லா விலாசத்தையும் எடுங்க. ஒண்டும் விடப்படாது."

எல்லா விலாசமும் என்றால் எல்லா விலாசமும்தான். நான் ஒன்றும் விடவில்லை. வாங்குகிறவர், விற்கிறவர், எப்போதோ ஒருமுறை எழுதியவர், குப்பைப் பெட்டியில் கிடந்தவர், மூன்று தரம் புருசனை இழந்த மனிசி, எல்லாரையும் அகரவரிசையில் எடுத்தேன். மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. முதலாளி ஒரு துண்டுக் கடதாசியில் இன்னொரு விலாசம் எழுதித் தந்தார். அதை வரிசையில் நுழைக்கச் சோம்பலாக இருந்ததால் ஆகக் கடைசியில் போட்டேன். என் வாழ்க்கையில் அகரவரிசையை நான் மீறியது அந்த ஒருமுறைதான். கடிதம் "மதிப்புக்குரிய வாடிக்கையாளர் அவர்களே" என்று தொடங்கியது. கீழே அதன் ஆங்கிலம், முழுக்கப் பெரிய எழுத்தில். தலைப்பு: "அவசர மன்னிப்பு". காலை 11.05க்கு அனுப்பினேன்.

செவ்வாய் காலை அலுவலகத்துக்குள் வந்தபோது முதலாளி பேரீச்சம்பழப் பெட்டியோடு நின்றார்.

"மிஸ், எடுங்க, எடுங்க! ரெண்டாயிரத்துக்கு மேல பதில் வந்திருக்கு. விடிய விடிய வந்துகொண்டே இருந்திருக்கு. அல்ஹம்துலில்லாஹ், சனம் எல்லாம் பொறுத்திட்டு!"

பக்கிங் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். நானும் எடுத்தேன். பத்து மணிக்கு அவர் வந்தார். முதலாளி அவர் கையிலும் ஒரு பழத்தை வைத்தார். அவர் அதைச் சாப்பிடாமல் கையில் வைத்தபடியே மிசினுக்கு முன்னால் குந்தினார். ஒரு பதிலைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார்.

"முதலாளி, இதில ஒருத்தரும் பொறுக்கல்ல."

"என்ன தம்பி செல்ற?"

"இதெல்லாம் கிறுகி வந்த கடிதம்."

"ரெண்டாயிரமுமா?"

"ரெண்டாயிரத்தி நூத்திப் பதினாலு."

ஒரு பிள்ளை வாயில் இருந்த கொட்டையைச் சத்தமில்லாமல் கையில் துப்பியது.

நடந்ததை அவர் விளக்கிச் சொன்னார். குப்பை அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்று உலகத்தில் சிலர் பொறி விலாசங்கள் வைத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் விடாமல் எடுத்ததில் சில பொறிகளும் இருந்தன. ஒரே கடிதம் மூவாயிரம் பேருக்கு, பெரிய எழுத்தில், அவசரம் என்று போகிறது. பொறிக்குள் கால் வைத்தவுடன் எங்கள் மிசினின் விலாசம் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு போன கடிதம் ஒன்றையும் யாரும் வாங்கவில்லை. உண்மையான பதில் மொத்தம் நாலு. அதில் ஒன்று மாத்திரை விற்கிறவருடையது. அவர் மனப்பூர்வமாக மன்னித்திருந்தார்.

பிறகு அவர் கிறுகி வந்ததை எல்லாம் வாசிக்கத் தொடங்கினார். "எல்லாம் ஒண்டுதானே தம்பி?" என்று கேட்டேன். "ஒண்டுதானா இல்லையா எண்டு வாசிச்சாத்தானே தெரியும் மிஸ்" என்றார். 10.20 முதல் 3.40 வரை வாசித்தார். பேரீச்சம்பழம் மேசையில் அப்படியே இருந்தது. 3.40க்கு எழுந்து முதலாளியின் அறை வாசலில் நின்றார்.

"முதலாளி, ஆகக் கடைசியா இருக்கிற விலாசம் ஆர்ர? வரிசையில இல்லாம தனிய நிக்குது."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அது... என்ட தம்பிட. கட்டாரில இருக்கான்."

"அதுவும் கிறுகிட்டு."

முதலாளி கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "அவனுக்குப் போகல்லையா?"

"இல்ல."

"நான் நினைச்சன்..." என்றார். பேரீச்சம்பழப் பெட்டியை மூடிவிட்டு, "ரெண்டாயிரம் பேர் பதில் போட்டும் அவன்ட பதில் மட்டும் இல்லையே எண்டு காலையில நீ வாற வரைக்கும் தேடிக்கிட்டு இருந்தன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூவாயிரம் பேரிடமும் அவர் கேட்டது அந்த ஒருவரிடம் கேட்பதற்காக. தனியாகக் கேட்க வெட்கம். கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

ஒன்பது வருடத்துக்கு முன் வாப்பா மௌத்தானபோது தம்பி கட்டாரிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். ஜனாஸாவை அடக்காமல் பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருக்கலாம். முதலாளி நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிட்டார். தம்பி வந்து இறங்கும்போது மையவாடியில் கபுறின் மேல் மண் ஈரமாக இருந்தது. அன்றைக்கு வாசலில் திரும்பிய தம்பி பிறகு அந்த வீட்டுக்குள் வரவில்லை, அண்ணனைக் "காக்கா" என்று கூப்பிடவும் இல்லை. ஜனாஸாவைப் பிந்த விடப்படாது, அதுதான் மார்க்கம் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்வார். எங்கள் அலுவலகத்திலும் சொல்லியிருக்கிறார், யாரும் கேட்காத நேரத்தில்.

"போன் பண்ணுங்களேன் முதலாளி" என்றேன்.

"என்ட நம்பர அவன் அடைச்சுப் போட்டான் மிஸ். வேற ஆள்ர போன்ல என்ட குரலக் கேட்டா வெச்சிருவான். அவன்ட மாப்பு இல்லாம நான் ஹஜ்ஜில அரபா மைதானத்தில நிண்டு என்னத்தக் கேட்கிற?"

மிசினைப் பார்க்கிறவருக்குப் புதன்கிழமை வழக்கமில்லாத நாள். அவர் வந்தார். கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க அதை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். என்ன பிழை செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், இனிச் செய்யாமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகள்.

"வைரஸ் எண்டு போடு தம்பி" என்றார் முதலாளி.

"மாப்புக் கேட்கிற கடிதத்தில பொய் எழுதினா, மறுகா அந்தப் பொய்க்கு வேற மாப்புக் கேட்கணும் முதலாளி."

உள்ளதை உள்ளபடி எழுதினார். எங்கள் முதலாளி புனித யாத்திரை போகிறார், அதற்கு முன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம், எல்லாரிடமும் கேட்டுவிட்டார், இனி அப்படிக் கேட்கமாட்டார். அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டு முதலாளி தலையை ஆட்டினார். வியாழன் காலை பெயரை எடுத்துவிட்டார்கள்.

வியாழன் பத்தரைக்கு முதலாளி தம்பிக்குக் கடிதம் சொல்லத் தொடங்கினார். நான் தட்டெழுதினேன். "மதிப்புக்குரிய" என்றார்.

"தம்பிக்கா எழுதிற, வங்கிக்கா?" என்றார் அவர், மிசினிலிருந்து திரும்பிப் பார்க்காமலே.

"வேற எப்பிடி எழுதிற?"

"வீட்டில எப்பிடிக் கூப்பிடுவீங்க, அப்பிடி. ஒரு ஆளுக்கு மட்டும் எழுதுங்க. அவசரம் வேணாம். பெரிய எழுத்து வேணாம். தெரிஞ்சும் தெரியாமலும் எண்டும் வேணாம், அது எல்லாக் குப்பையிலயும் இருக்கிற வசனம். நீங்க செய்தது என்ன எண்டு எழுதுங்க."

"அது மிசினுக்கு என்னத்துக்கு?"

அவர் கேபிள் ஒன்றைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் மாட்டினார். அந்தக் கேபிளில் ஒரு பழுதும் இல்லை.

முதலாளி என்னை எழும்பச் சொல்லிவிட்டுத் தானே இருந்து ஒரு விரலால் தட்டினார். நாற்பத்திரண்டு நிமிடம். அனுப்பினார். கிறுகி ஒன்றும் வரவில்லை. அவர் மிசினின் பதிவேட்டை வாசித்து, "சேர்ந்திட்டு முதலாளி" என்றார். அன்று பின்னேரம் வரைக்கும் பதில் இல்லை. முதலாளி இரண்டு முறை என்னிடம் வந்து, சேர்ந்தது என்றால் வாசித்தது என்று அர்த்தமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை 12.10க்கு முதலாளி பள்ளிக்குப் போனார். போகும்போது இன்பொக்ஸை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார். வெறுமை. மிசினைப் பார்க்கிறவர் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்பைப் பெட்டியைத் திறந்தார். ஒரு மாத்திரைக் கடிதம் வாசித்தார். ஒரு பரிசு வாசித்தார். மூன்றாவதைத் திறந்தவர் உடனே மூடினார்.

"என்ன தம்பி?"

"வந்திருக்கு மிஸ்."

"எங்க இருந்து?"

"கட்டாரில இருந்து. காலையிலயே வந்து இதுக்குள்ள கிடந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கார்?"

"வாசிக்கல்ல" என்றார். "எனக்கு வந்த கடிதம் இல்லையே."

ஆபிரிக்க இளவரசர்களின் கடிதங்களும் அவருக்கு வந்தவை அல்ல. அதை நான் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மூடிய கடிதத்துக்கு முன்னால் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தோம்.

முதலாளி வந்து நின்றபடியே வாசித்தார். சின்னக் கடிதம். ஆனால் நெடுநேரம் வாசித்தார். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"இத ஏன் தம்பி குப்பைக்குள்ள போட்ட?"

"மிசின் போட்டது முதலாளி. தலைப்பு இல்ல. ஆச்சரியக்குறி நிறைய எண்டு மிசின் எழுதியிருக்கு. அதோட இவர்ட கடிதம் நமக்கு இதுக்கு முந்தி ஒண்டும் வந்ததில்ல. மிசினுக்கு இவர ஆரெண்டு தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி.

என்னிடம் அச்செடுத்துத் தரச் சொன்னார், பயணப் பையில் வைக்க. அச்சில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதனால் பார்த்தேன். "காக்கா!!! அந்த லுஹரப் பொறுத்திட்டன்!!! போகக்குள்ள வாப்பாட கபுறுக்குப் போய் என்ட ஸலாத்தையும் செல்லிட்டுப் போங்க!!! மூவாயிரம் பேரோட சேர்த்து எனக்கு அனுப்பினதா நீங்க எழுதின கடிதம் வராம விட்டது நல்லம்!!! அது வந்திருந்தா இன்னும் ஒம்பது வருசம் கதைச்சிருக்க மாட்டன்!!!"

முதலாளி அவரிடம் ஐந்தாவது முறையாகக் கேட்டார். "தம்பி, இவன அந்தப் பட்டியல்ல போடு. இவன் என்ன எழுதினாலும் உள்ள வரட்டும்."

நான் பேனாவை மேசையில் வைத்தேன். கள்ளன் பூந்து எழுதினால் என்ன செய்வது என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, வெறுமையாகக் கிடந்த பட்டியலைத் திறந்து அந்த ஒரு விலாசத்தைத் தட்டினார். பிறகு தான் தட்டியதை விரல் வைத்து, கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தார்.